பைப் அப்: பேசாமல் இருந்தவர் வாய் திறக்கும்போது

ஒரு மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கிறார்கள். ‘ஆறாம் தேதி, வியாழக்கிழமை’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்ட, பேச்சு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஒரு மணி நேரமாக ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மீனா, ‘ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை ஆச்சே’ என்கிறாள். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்புகின்றன. அவள் செய்ததை ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் சொல்லிவிடலாம்: பைப்ட் அப்.

ஒரு வினைச்சொல்லும் அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தந்தால் அதை ஃப்ரேஸல் வெர்ப் என்பார்கள். இது நமக்குப் புதிதல்ல. ‘கண்டு’ தெரியும், ‘பிடி’ தெரியும் என்பதற்காக ஒருவருக்குக் ‘கண்டுபிடி’ விளங்கிவிடாது. அதே கதைதான் இங்கேயும். பைப் என்றால் குழாய், அப் என்றால் மேலே என்று கூட்டிப் பார்த்தால் தண்ணீர் வேண்டுமானால் மேலே ஏறும், பொருள் ஏறாது.

பாதிப் பொருள் மௌனத்தில்

அகராதியைப் புரட்டினால் ‘திடீரென்று பேசத் தொடங்கு’ என்ற ரீதியில் இருக்கும். தப்பில்லை. ஆனால் இதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் இந்தச் சொல்லை ஆகாத இடத்தில் போடுகிறார்கள். இதன் பாதிப் பொருள் பேச்சில் இல்லை; பேச்சுக்கு முன்னால் இருந்த மௌனத்தில் இருக்கிறது. அரை மணி நேரமாக ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று இன்னொரு விஷயத்துக்குத் தாவினால் அது பைப் அப் ஆகாது. மேடைக்கு அழைக்கப்பட்டுப் பேசுகிறவருக்கும் இந்தச் சொல் பொருந்தாது, ஏனென்றால் அவர் பேசுவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

வகுப்பறையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் துல்லியமாகத் தெரியும். ஆசிரியர் ஒரு மாணவரைப் பெயர் சொல்லி எழுப்பிக் கேட்கிறார், அவர் பதில் சொல்கிறார் என்றால் அது வெறும் ‘ஆன்ஸர்ட்’. ஆசிரியர் யாரையும் குறிப்பிடாமல் பொதுவாகக் கேள்வியைப் போடுகிறார், கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை, பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது என்றால் அது பைப்ட் அப். யாரும் கேட்காமலே ஒரு குரல் வந்தாலும் அதுதான்.

இன்னொன்று, பேச்சின் நீளம். பைப் அப் செய்கிறவர் பொதுவாக ஒரு வாக்கியம், மிஞ்சிப்போனால் இரண்டு, பேசுவார். சொல் குறிப்பது வாய் திறந்த அந்தக் கணத்தை. ஆகவே ‘ஹி பைப்ட் அப் ஃபார் டூ ஹவர்ஸ்’ என்று எழுதினால், இரண்டு மணி நேரமாக அவர் வாயைத் திறந்துகொண்டே இருந்தார் என்பதுபோல் சிரிப்பாக இருக்கும்.

குழாய் அல்ல, குழல்

இந்தச் சொல்லில் உள்ள பைப், தண்ணீர் வரும் பைப் அல்ல, ஊதுகிற குழல். குழல் ஊதுவதைக் குறித்த பழைய ஆங்கில வினைச்சொல் இது. அதற்கும் பின்னால் போனால் லத்தீனில் ‘பிப்பாரே’ என்ற சொல் நிற்கிறது. குஞ்சுப் பறவை கீச்சிடுவதுதான் அதன் பொருள். ‘பீப், பீப்’ என்ற ஒலியைக் கேட்டவர்கள் அப்படியே சொல்லாக்கிவிட்டார்கள், நாம் ‘கீச்’சிலிருந்து கீச்சிடுதலைச் செய்துகொண்டதுபோல. ஆங்கிலத்தில் ‘எ பைப்பிங் வாய்ஸ்’ என்றால் இன்றைக்கும் கீச்சுக்குரல்தான்.

பைப் அப் முதலில் ‘குழல் ஊதத் தொடங்கு, பாடத் தொடங்கு’ என்று இருந்து, பிற்பாடுதான் ‘பேசத் தொடங்கு’ என்பதற்கு நகர்ந்தது. இங்கே அப் செய்கிற வேலையையும் கவனிக்க வேண்டும். அது மேலே என்ற திசையைக் காட்டவில்லை; இல்லாத ஒன்று தலைகாட்டுவதைக் காட்டுகிறது. வாத்தியக் குழு வாசிக்கத் தொடங்கினால் ‘தி பேண்ட் ஸ்ட்ரக் அப்’ என்பார்கள். எதிர்பாராமல் ஒரு சிக்கல் முளைத்தால் ‘எ ப்ராப்ளம் க்ராப்ட் அப்’. இந்த அப்புகள் எல்லாம் ஒரே குடும்பம்.

அப் இல்லாமல் வெறும் பைப் என்றும் ஒரு பிரயோகம் உண்டு: ‘ஹலோ!’ பைப்ட் தி சைல்ட். இதில் அழுத்தம் குரலின் தன்மைக்கு. குழந்தை கீச்சுக்குரலில் சொன்னது, அவ்வளவுதான். அப் சேர்ந்ததும் அழுத்தம் மௌனம் கலைந்ததற்குப் போய்விடுகிறது. அதனால் கட்டைக் குரல்காரரும் தாராளமாகப் பைப் அப் செய்யலாம். ஆனாலும் பழைய குழலின் வாசனை முழுக்கப் போகவில்லை. சின்னக் குரல், கூச்ச சுபாவம், கூட்டத்தில் இளையவர் என்ற சாயல் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். ‘எ ஸ்மால் வாய்ஸ் பைப்ட் அப்’ என்ற தொடர் கதைகளில் அடிக்கடி கண்ணில் படுவது அதனால்தான்.

வாக்கியத்தில் வைப்பது

முதலில் மனதில் இருத்த வேண்டியது: இதற்குச் செயப்படுபொருள் கிடையாது. ‘மீனா பைப்ட் அப்’ என்பதோடு வாக்கியம் முடிந்துவிடும். எதை என்று கேட்க இடமில்லை. தமிழ் பேசுகிறவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். நாம் ‘கேள்வியை எழுப்பினாள்’ என்று சொல்லிப் பழகியவர்கள். அந்த ‘எழுப்பு’ மனதில் ஓட, கை தானாக ‘மீனா பைப்ட் அப் எ க்வெஸ்சன்’ என்று எழுதிவிடும். அது தப்பு. நடுவில் ‘வித்’ வேண்டும்: மீனா பைப்ட் அப் வித் எ க்வெஸ்சன். கேள்வியை எழுப்பினாள் என்றே சொல்ல விரும்பினால் அதற்கு வேறு வினை தயாராக இருக்கிறது: மீனா ரெய்ஸ்ட் எ க்வெஸ்சன். செயப்படுபொருள் இல்லாததால் செயப்பாட்டு வினையும் இல்லை. ‘எ க்வெஸ்சன் வாஸ் பைப்ட் அப்’ என்று யாரும் சொல்வதில்லை.

குரல் வந்த இடத்தைச் சொல்ல ‘ஃப்ரம்’ போதும்: எ வாய்ஸ் பைப்ட் அப் ஃப்ரம் தி பேக். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பேசியவர் யாரென்று தெரியாதபோது, அல்லது சொல்ல விரும்பாதபோது, இப்படிக் குரலையே எழுவாயாக்கிவிடுவது வசதி.

பேசியதன் சாரத்தைச் சொல்ல வேண்டுமா? ‘டு சே தட்’ என்று ஒரு பாலம் போடுங்கள்: ஷி பைப்ட் அப் டு சே தட் தி சிக்ஸ்த் வாஸ் எ ஃப்ரைடே. ‘ஷி பைப்ட் அப் தட்…’ என்று நேராக ஒட்டுவதும் சில இடங்களில் காணக்கிடைக்கும். புதிதாகக் கற்பவர்கள் அதை விட்டுவிடுவதே நல்லது, காதில் சற்று உறுத்தும்.

பேசியதை அப்படியே மேற்கோளில் கொடுக்கும்போதுதான் இந்தச் சொல் முழுசாக ஜொலிக்கிறது. இரண்டு வரிசையும் சரி: ‘தி சிக்ஸ்த் இஸ் எ ஃப்ரைடே,’ மீனா பைப்ட் அப் என்றும் எழுதலாம், ‘தி சிக்ஸ்த் இஸ் எ ஃப்ரைடே,’ பைப்ட் அப் மீனா என்று பெயரைக் கடைசிக்குத் தள்ளியும் எழுதலாம். பெயருக்குப் பதில் ‘ஷி’ அல்லது ‘ஹி’ வந்தால் மட்டும் தள்ளக் கூடாது. ‘ஷி பைப்ட் அப்’ சரி. ‘பைப்ட் அப் ஷி’ இன்றைய ஆங்கிலம் இல்லை.

பைப்புக்கும் அப்புக்கும் நடுவே எதையும் செருக வேண்டாம். ‘பைப்ட் சடன்லி அப்’ என்பது நிற்காது. ‘சடன்லி’ வேண்டுமானால் முன்னால் வைக்கலாம். உண்மையில் அது வேண்டியதே இல்லை, திடீரென்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இருந்தாலும் ஆங்கிலக்காரர்களே ‘சடன்லி பைப்ட் அப்’ என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நடுச்சென்டர் என்று நாம் சொல்வதில்லையா?

காலத்தைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் இறந்தகாலத்தில் வாழும் சொல். நடந்ததைச் சொல்லும்போது வரும். ‘மீனா இஸ் பைப்பிங் அப்’ என்று நிகழ்காலத் தொடர்வினையில் வருவது அபூர்வம், கணத்தில் முடிகிற செயலை நடந்துகொண்டிருப்பதாகக் காட்டுவது கடினம். ஆனால் ஒருவர் மறுபடி மறுபடி இடையில் குரல் விட்டால் ‘கெப்ட் பைப்பிங் அப்’ மிக இயல்பு. எதிர்மறையும் அப்படித்தான்: நோபடி பைப்ட் அப். யாரும் வாய் திறக்கவில்லை.

எழுதும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. ‘இங்’ சேர்க்கையில் கடைசி ‘ஈ’ எழுத்து விழும், ‘பி’ இரட்டிக்காது. இரட்டித்தால் அது ‘பிப்பிங்’ என்று வேறு சொல்லாகிவிடும்.

உச்சரிப்பு

இறந்தகால வடிவத்தை ‘பைப்பெட் அப்’ என்று மூன்று அசையாக இழுப்பது நம்மிடம் பரவலாக உள்ள பிழை. ‘ப்’ என்ற ஒலியில் முடியும் வினைகளில் ‘ஈடி’ சேர்ந்தால் அங்கே உயிரொலி பிறக்காது; ஸ்டாப்ட், ஹெல்ப்ட் போல ஒரே ஒரு ‘ட்’தான். வேகமாகப் பேசும்போது அந்த ‘ட்’ அடுத்த அப்போடு ஒட்டி, ‘பைப்டப்’ என்று கேட்கும். கேட்டுப் புரிந்துகொள்ள முடியாமல் போவதற்கும் இந்த ஒட்டுதான் காரணம்; காது ‘டப்’ என்று ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்.

முதல் ‘ப’வில் காற்று வெளியே தள்ள வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு நேரே ஒரு விரல் நீளத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். ‘பை’யில் காற்று கையில் படாவிட்டால் ஆங்கிலக் காதுக்கு அது, பந்துக்கு அவர்கள் சொல்லும் சொல்லின் முதல் ஒலிபோல, அதாவது ஆங்கில b போலக் கேட்டுவிடலாம். கடைசி ‘ப்’புகளுக்கு இந்தக் கவலை இல்லை. அழுத்தம் பைப்பைவிட அப்பில் தூக்கலாக விழும்.

அதே மேஜை, வேறு வேறு வினைகள்

பைப் அப்பின் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் சொற்கள் நிறைய. பட்டியல் போட்டு உருப்போடுவதைவிட, தொடக்கத்தில் பார்த்த அதே மேஜைக்குத் திரும்பி, காட்சியில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பலன் தரும்.

மீனா சொன்னது காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். தலைமை வகிப்பவர் ‘ஸ்பீக் அப், ப்ளீஸ்’ என்பார்: கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். ஸ்பீக் அப்பின் முதல் பொருள் சத்தத்தைக் கூட்டுவது. இரண்டாவது பொருள் தயங்காமல் கருத்தைச் சொல்வது. ‘ஸ்பீக் அப் ஃபார்’ என்றால் ஒருவருக்காகப் பேசுவது. துணிச்சல் முக்கியமானால் ஸ்பீக் அப், எதிர்பாராமை முக்கியமானால் பைப் அப். இந்த இரண்டும்தான் அதிகம் குழம்புகின்றன.

தேதியைத் திருத்தாமல், ‘ஆமாம், எனக்கும் அந்த நாள் வசதி’ என்று மீனா சேர்ந்துகொண்டிருந்தால் அது சைம் இன். ஒத்த சுருதியில் தானும் சேர்வது. நம் ‘ஒத்து ஊதுவது’ அதற்கு மிக அருகில் வரும். ஆனால் ஒத்து ஊதுகிறான் என்றால் கேலி, சைம் இன்னில் கேலி கிடையாது.

மற்றவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே மீனா புகுந்திருந்தால் அது கட் இன், அதாவது பேச்சை வெட்டினாள். மரியாதையில்லாமல், சம்பந்தமில்லாமல் புகுந்திருந்தால் பட் இன். ஆடு தலையால் முட்டுவதற்கும் ஆங்கிலத்தில் பட் என்பதே சொல். காட்சி உடனே கண்ணில் நிற்கும். பைப் அப்பில் யாருடைய பேச்சும் வெட்டுப்பட வேண்டும் என்று இல்லை. பெரும்பாலும் ஓர் இடைவெளியில்தான் குரல் எழும். ‘குறுக்கே பேசினாள்’ என்று மொழிபெயர்த்தால் மீனாவின் மீது இல்லாத குற்றத்தைச் சுமத்துகிறோம்.

சொல்லக் கூடாத ஒன்றை, ‘மேலாளர் அன்றைக்கு வேலையை விடப்போகிறாரே’ என்று வாய்தவறிப் போட்டு உடைத்திருந்தால் அது ப்ளர்ட் அவுட். இதற்குச் செயப்படுபொருள் உண்டு: ஷி ப்ளர்ட்டட் அவுட் தி சீக்ரெட். யோசிக்காமல் வந்தது என்பது ப்ளர்ட் அவுட்டின் உயிர். பைப் அப் செய்தவர் நன்றாக யோசித்துக்கூடப் பேசியிருக்கலாம். விசித்திரமாக எதையாவது சொல்லி எல்லாரையும் விழிக்கவைத்தால் கம் அவுட் வித்.

துறையில் பழுத்த ஒருவர் தன் மதிப்பின் பலத்தோடு கருத்துச் சொன்னால் வே இன். வே என்றால் எடை. தராசில் அவர் பேச்சு கனக்கும். பைப் அப்பில் அந்தக் கனம் இல்லை.

ஸ்பீக் அவுட் வேறு ரகம். அநீதியை எதிர்த்துப் பகிரங்கமாகப் பேசுவது அது. செய்தித்தாள்கள் ‘குரல் கொடுத்தார்’ என்று எழுதுவது இதைத்தான். அதனால் பைப் அப்பைக் ‘குரல் கொடு’ என்று தமிழாக்கினால் தேதியைத் திருத்திய மீனா போராளி ஆகிவிடுவாள்.

அப்படியானால் தமிழில் என்னதான் சொல்வது? ஒரே சொல் கிடையாது என்று ஒப்புக்கொள்வது நேர்மை. ‘அதுவரை பேசாமல் இருந்தவள் வாய் திறந்தாள்’, ‘சும்மா இருந்தவன் சட்டென்று ஒரு குரல் விட்டான்’, ‘பின்னாலிருந்து ஒரு குட்டிக் குரல் கேட்டது’ என்று இடம் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். மௌனத்தைச் சொல்லும் பகுதியை விட்டுவிட்டு ‘திடீரென்று சொன்னாள்’ என்று மட்டும் போட்டால் பாதி போய்விடும்.

எங்கே கூடாது

இது பேச்சுவழக்குச் சொல், அதோடு லேசான சிரிப்பும் கலந்தது. கூட்டக் குறிப்பில் ‘மீனா பைப்ட் அப்’ என்று எழுதினால், அவள் சொன்னதைவிட அவள் சொன்ன விதம் முன்னால் நிற்கும். அங்கே ‘பாயிண்டட் அவுட்’ போதும். பதவியில் பெரியவரைப் பற்றி அவர் காதுபடச் சொல்வதும் ஆபத்து: ‘சார், நீங்களும் வாய் திறந்துட்டீங்களே’ என்பதுபோல் ஒலிக்கலாம். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதில் பிரச்சினை இல்லை. ‘கேன் ஐ ஜஸ்ட் பைப் அப் ஹியர்?’ என்று கேட்பது பணிவாகவே இருக்கும். நண்பர்கள் குழுவிலோ பயிற்சி வகுப்பிலோ ‘ப்ளீஸ் பைப் அப் இஃப் யு ஹாவ் எனி க்வெஸ்சன்ஸ்’ என்பதும் சகஜம். இங்கே எதிர்பாராமை உதிர்ந்துவிட்டது, அழைத்துவிட்டு எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாதே. ஆனால் ‘நீங்கள் பேசாமலே இருந்துவிடுவீர்கள்’ என்ற ஊகம் மட்டும் அப்படியே உள்ளே இருக்கிறது.

பைப் டவுனை இதன் நேர் எதிர்ப்பதம் என்று சில புத்தகங்களில் பார்க்கலாம். பொருளில் சரிதான், ‘சத்தம் போடாதே’ என்பது அது. கப்பல்களில் மாலுமிகளுக்கான உத்தரவுகளை ஒரு விசில் ஊதி அறிவிப்பார்கள். நாள் முடிந்து வேலையாட்களைக் கலைந்துபோகச் சொல்லும் விசிலிலிருந்து பிறந்தது பைப் டவுன். ஆனால் பயன்பாட்டில் இரண்டும் ஜோடியல்ல. பைப் டவுன் கிட்டத்தட்ட எப்போதும் கட்டளை, அதுவும் கொஞ்சம் முரட்டுத்தனமானது. பைப் அப் பெரும்பாலும் கதை சொல்லும் வினை.

கடைசியாக ஒரு பயிற்சி. கோடிட்ட இடத்தில் பைப்ட் அப் பொருந்துமா என்று பாருங்கள். ‘தி லாயர் ___ ஃபார் த்ரீ ஹவர்ஸ்’: பொருந்தாது, நீளம் இடிக்கிறது, ‘ஸ்போக்’ போடுங்கள். ‘வென் தி டீச்சர் கால்ட் ஹிஸ் நேம், ஹி ___’: பொருந்தாது, பெயர் சொல்லி அழைத்துவிட்டார்கள், ‘ஆன்ஸர்ட்’. ‘வி வேர் அபவுட் டு லீவ் வென் தி யங்கஸ்ட் பாய் ___ வித் அன் ஐடியா’: அச்சாகப் பொருந்தும், கிளம்பும் நேரம், இளையவன், ‘வித்’தும் கூடவே நிற்கிறது. ‘ஆஃப்டர் மிட்நைட் தி விண்ட் ___’: இங்கே பேசுவதற்கு ஆளே இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். பாய்மரப் படகுக்காரர்கள் காற்று வலுப்பதையும் பைப் அப் என்பார்கள். நள்ளிரவு வரை காற்று அடங்கிக் கிடந்தது, பிறகு பாய்மரக் கயிறுகளில் சீழ்க்கை அடிக்கத் தொடங்கியது.